கிள்ளானில் கேட்ட இரண்டாவது இருமல்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் குடியிருந்தவர் சிவகாமி. பங்சாரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். காலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, பூ வைத்து, சேலை கட்டி வேலைக்குப் போவார். வெள்ளிக்கிழமை கோவிலில் தேவாரம் பாடுவார். மற்ற நேரமெல்லாம் அவர் வீட்டில் வெள்ளைக்காரர்கள் கத்திக்கொண்டிருப்பார்கள்.

நாலு பேர் கொண்ட ஓர் ஆங்கில ராக் குழு அது. பள்ளியில் கடைசி வகுப்புக்கு நெருக்கமான ஐந்தாம் படிவம் படித்தபோது ரேடியோவில் கேட்டுப் பிடித்துப்போன பைத்தியம். குழு கலைந்து, பாடினவருக்கு வழுக்கை விழுந்து, அவரே ஆட்டுப்பண்ணை வைத்துப் பிழைக்கப் போய்விட்ட பிறகும் சிவகாமி விடவில்லை. அவர்களுடைய ஆல்பம் எல்லாவற்றையும் முதலில் உள்ளூர் காசெட்டில் வாங்கினார். பிறகு லண்டனில் போட்ட இசைத்தட்டாக வாங்கினார். அத்தோடு நின்றிருக்கும். ஜப்பானில் விற்கிற சிடியில் கடைசியாக ஒரு பாட்டு கூடுதலாக இருக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

"பத்துப் பாட்டையும் ஏற்கெனவே ரெண்டு தடவை வாங்கியாச்சு," என்றார் அவர் கணவர் பாலன். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அந்தப் பாட்டுப் பெட்டியில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் சத்தத்தைக் குறைக்கிற திருகு எங்கே இருக்கிறது என்பதுதான்.

"பதினோராவது பாட்டு என்கிட்ட இல்லைங்க."

"அது நல்ல பாட்டா?"

"நல்லா இருந்தா அப்பவே சேர்த்திருப்பாங்களே."

பாலன் எழுந்து போய் அந்தத் திருகைக் குறைத்தார்.

ஜப்பான் சிடிகள் வந்து சேர்ந்த வழி பாலனின் சித்தப்பா மகன் விஜயன். சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் யோகோஹாமாவில் நிற்கும்போது சிவகாமி எழுதிக் கொடுத்த சீட்டைக் கடையில் நீட்டுவார். ஒருமுறை கடைக்காரர் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டு, ஜப்பானியக் குழந்தைகள் உடற்பயிற்சி செய்கிற சிடியைக் கட்டிக் கொடுத்துவிட்டார். சிவகாமி அதையும் கடைசிவரை போட்டுக் கேட்டார். முடிவில் எதையாவது சேர்த்திருந்தால் என்ன செய்வது என்று ஒரு சந்தேகம். அந்த வாரம் தரை வழியாகக் கேட்டுக் கேட்டு, எங்கள் வீட்டில் எல்லோரும் ஜப்பானிய மொழியில் நாலு வரை எண்ணக் கற்றுக்கொண்டோம்.

தொண்ணூற்று மூன்றில் விஜயன் கொண்டுவந்த சிடிதான் பெரிய விஷயமாகிவிட்டது. சிவகாமி எங்களையெல்லாம் கீழே கூப்பிட்டு உட்கார வைத்துப் பதினோராவது பாட்டைப் போட்டார். கிட்டார் ஆரம்பித்தது. பாடகர் வாயைத் திறந்தார். யாரோ இருமினார். எல்லாம் நின்றது. ஒரு கதவு சாத்திக்கொண்டது. அவ்வளவுதான்.

"பாட்டு எங்கக்கா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சு. இது ரிகர்சல். இருமுறது ட்ரம்ஸ் வாசிக்கிறவர். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு." சிவகாமியின் முகம் பிள்ளை பெற்றவள் முகம்போல இருந்தது.

அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தவர் கிள்ளானில் இருந்த தம்புசாமி. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதே குழுவின் மேல் அதே பைத்தியம். ஒரு கடையில் ஒரே இசைத்தட்டை ஆளுக்கொரு மூலையில் பிடித்து இழுத்ததில் இருவருக்கும் பழக்கம். அதிலிருந்து வாரம் ஒரு முறை போனில் பேசுவார்கள். அடுத்தவரிடம் இல்லாதது தன்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் பேசுவதே. சிவகாமி ஜப்பான் சிடியைப் பற்றிச் சொல்லி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களோடதுல எத்தனை இருமல்மா?"

"ஒண்ணுதானேண்ணே."

"அப்படியா," என்றார். "என்கிட்ட ரெண்டு."

சிவகாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாலன் வேனை எடுத்தார். இடம் நிறைய இருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். வழியில் ஷா ஆலம் ஊர் தாண்டும்வரை சிவகாமி விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். அதன்பிறகு, "ஒருவேளை அமெரிக்காவுல போட்டதா இருக்குமோ?" என்றார். பாலன் சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்புசாமி வேட்டி சட்டையில் தயாராக இருந்தார். அலமாரி பூட்டியிருந்தது. சிடியைக் காட்டச் சொன்னதற்கு, "ஒரிஜினலை அடிக்கடி வெளிய எடுக்கக் கூடாதும்மா. காசெட்டுல பிடிச்சு வச்சிருக்கேன், கேளுங்க," என்றார். அவர் மனைவி லெட்சுமி அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நாங்கள் வந்த காரியத்தில் முதல்முறையாகப் பாலனுக்கு அக்கறை வந்தது.

காசெட் ஓடியது. கிட்டார். பாடகர். முதல் இருமல். எல்லாம் நின்றது. அப்புறம், கதவு சாத்துவதற்கு முன்னால், இரண்டாவது இருமல். முதல் இருமலைவிடப் பலமாக, அடிவயிற்றிலிருந்து வந்தது.

"இது ட்ரம்ஸ்காரர் இல்ல," என்றார் சிவகாமி.

"பேஸ் கிட்டார்னு நான் நினைக்கிறேன்," என்றார் தம்புசாமி.

"அவர் குரல் மெலிசுண்ணே. இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். மறுபடியும் போட்டார். இருவரும் ஸ்பீக்கருக்குக் காதைக் கொடுத்துக் குனிந்து நின்றார்கள். அதற்குள் சமையலறையில் நெத்திலி சம்பலுக்கு அரைத்த மிளகாய் எண்ணெயில் விழுந்திருக்க வேண்டும். நெடி கூடத்துக்கு வந்தது. எனக்குக் கண் எரிந்தது. காசெட்டில் பாட்டு நின்ற அதே நேரம் உள்ளே லெட்சுமி அக்கா இருமினார். ஸ்பீக்கரும் இருமியது. இரண்டும் ஒரே இருமல்.

சிவகாமி ஸ்பீக்கரையும் சமையலறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே," என்றார் பாலன் மெதுவாக. "லண்டன்லயும் சம்பல் வதக்குறாங்க போல."

லெட்சுமி அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "அன்னிக்கே சொன்னேன்லா. நான் அடுப்புல இருக்கும்போது ரெக்கார்ட் பண்ணாதீங்கன்னு. கேட்டாத்தானே."

தம்புசாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு உண்மை வந்தது. சிடி அவருடையதே இல்லை. துறைமுகத்துக்கு வந்த யாரோ ஒரு மாலுமியிடம் ஒரு மாலைக்குக் கடன் வாங்கியது. சிடி பெட்டியையும் காசெட் ரேடியோவையும் இணைக்கிற ஒயர் பழுதாக இருந்ததால், ஸ்பீக்கருக்கு முன்னால் ரேடியோவை வைத்து அதன் மைக்கில் பிடித்திருக்கிறார். "எனக்கே இப்பதான்மா தெரியுது. சத்தியமா ரெண்டு பேருன்னுதான் நினைச்சேன்," என்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

சிவகாமி சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, இந்த மாதிரி இன்னொண்ணு உலகத்துலயே யாருகிட்டயும் கிடையாது. எனக்கு ஒரு காப்பி எடுத்துத் தாங்க."

தம்புசாமி நிமிர்ந்தார். முகத்தில் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. "காப்பி எடுத்தா மதிப்பு போயிருமேம்மா."

"ரெண்டு பேருகிட்டதானேண்ணே இருக்கும்."

"ஒருத்தர்கிட்ட இருக்குறதுதான் மதிப்பு."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. சம்பல் தீய்கிற வாசனை வரத் தொடங்கியபோது லெட்சுமி அக்கா கரண்டியை மேசையில் வைத்தார், பெட்டியைத் திறந்து காசெட்டை வெளியே எடுத்தார், சிவகாமியின் கையில் திணித்தார்.

"என்னோட இருமல். நான் குடுக்குறேன். எல்லாரும் சாப்பிட வாங்க."

தம்புசாமியும் எழுந்து வந்தார். சாப்பிடும்போது ஒரு தடவை வாயைத் திறந்தார். லெட்சுமி அக்கா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

சிவகாமிக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரமே புது ஒயர் ஒன்று வாங்கி, ஜப்பான் சிடியோடு சேர்த்துக் கிள்ளானுக்குக் கொடுத்தனுப்பினார், நல்லபடியாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. தம்புசாமி பிடித்துக்கொண்டு போன் செய்தார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கும்மா," என்றார். "ஆனா கேக்கும்போது வீடு காலியா இருக்குற மாதிரி இருக்கு."

சிடியைத் திருப்பித் தருவதைப் பற்றி அவராகப் பேச்சே எடுக்கவில்லை. சிவகாமி கேட்டால் இன்று தருகிறேன், நாளைக்குத் தருகிறேன் என்று மாதங்கள் போயின. சிவகாமி அந்தத் துக்கத்தில் விஜயனிடம் இன்னொரு சீட்டு எழுதிக் கொடுத்தார். பாலன் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல இருந்தார். கடைசியில் தீபாவளிக்கு லெட்சுமி அக்கா முறுக்கு டின் ஒன்று அனுப்பினார். முறுக்குக்கு அடியில், எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சிடி இருந்தது.

"அவருக்குத் தெரியாது," என்று போனில் சொன்னாராம். "தேடட்டும்லா."