பல்லிக்குப் பயந்த மாமா

எனக்கு ஒரு மாமா இருந்தார். சரியாகச் சொன்னால், ஏறக்குறைய ஓராண்டு இருந்தார். உலு திராம் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில் அவரை நான் உண்டாக்கினேன்.

காரணம், என் பக்கத்தில் உட்காரும் கஸ்தூரி. அவளுக்கு நான்கு மாமன்கள். ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும் அவர்களில் ஒருவர் வாங்கித் தந்த பொருளோடு வந்து நிற்பாள். என் அம்மாவோ ஒற்றைப் பிள்ளை. எத்தனை நாள்தான் பொறுப்பது?

என் மாமா சிங்கப்பூரில் போலீஸ்காரர் என்றேன். ஆறடி உயரம். எதற்கும் அஞ்சமாட்டார். ஒரே நாளில் மூன்று திருடர்களைப் பிடித்தவர். கோபமே வராது, பொய்யே பேசமாட்டார், நன்றாகப் பாடவும் செய்வார்.

"பொய் லா!" என்றாள் கஸ்தூரி. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

எனக்கு அழுகை முட்டியது. ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஆனா பல்லின்னா மட்டும் பயம். போன வாரம் குளிக்கிறப்ப மேல பல்லி விழுந்து, துண்டோட ரோட்டுக்கே ஓடிட்டாரு."

போனவள் திரும்பி வந்தாள். "அலமாக்! போலீஸ்காரரா? அப்புறம்?"

அந்த 'அப்புறம்' என்னை ஓராண்டு இழுத்துக்கொண்டு போனது. மாமா கேரம் பலகையில் கள்ளாட்டம் ஆடினார். தோற்றவனுக்கு அவரே ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்ச்சண்டை போட்டார்; மழை வந்ததும் அதே வீட்டுக் கொடியில் கிடந்த துணிகளை யாருக்கும் தெரியாமல் எடுத்து மடித்து வைத்தார். அவர் நல்லவரா கெட்டவரா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பொய் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஆண்டு இறுதியில், தேர்வு முடிவை வாங்க அம்மா பள்ளிக்கு வந்தார். பேசி முடித்த டீச்சர், "உங்க போலீஸ்காரத் தம்பிய ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன். பிள்ளைங்க பார்க்கணும்னு ஒரே தொல்லை," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். இரண்டடி பின்னால் கஸ்தூரி தன் அப்பாவோடு நின்றிருந்தாள். அம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

"அவனா டீச்சர்? பேருதான் போலீஸ். நாலு பேரு முன்னால நிக்கச் சொன்னா வெக்கப்பட்டுக்கிட்டு ஓடிருவான்!"

காரில் ஏறியதும் அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா, "வேற என்னென்ன சொன்ன?" என்று மட்டும் கேட்டார். ஒப்பித்தேன். துணி மடித்த கதைக்குத் தலையாட்டிச் சிரித்தார்.

"கோவம் வந்தா சோறு வேணாம்பான். அப்புறம் யாரும் இல்லாதப்ப பிஸ்கட் டின்னைத் திறப்பான். அதைச் சொன்னியா?"

"மாமா அப்படியெல்லாம் செய்யமாட்டாரு!" எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"செய்வான். கடிச்சா சத்தம் கேக்கும்னு தண்ணியில முக்கித் தின்னுவான். அவனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

வீடு வரும்வரை அம்மா நிறுத்தவில்லை. இடது காதில் மச்சம். மாங்காய் என்றால் உயிர். இடி இடித்தால் அக்கா கையை விடமாட்டான். அடி தப்பிய மகிழ்ச்சியில், அம்மா என்னைவிடக் கெட்டிக்காரப் பொய்க்காரி என்று வியந்துகொண்டு வந்தேன். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் சீவப் போனபின், ரெங்கம் ரப்பர்த் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த சிறுமிக்கு அவன் எத்தனை காலம் துணையிருந்தான் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.