கூட ஒரு ரூபாய்

கல்லூரியில் கணக்கு எடுப்பவரைப் பேராசிரியர் என்பார்கள். உயர்நிலைப் பள்ளியில் எடுப்பவரைக் கணக்கு வாத்தியார் என்பார்கள். இரண்டாம் வகுப்புக்கு ஐந்தும் மூன்றும் எட்டு என்று சொல்லிக்கொடுப்பவரை மட்டும் ‘பிள்ளைகளைப் பாத்துக்கறாருங்க’ என்பார்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும், மாலையில் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. கீழே வருபவை ஒரே ஆண்டில் எனக்கு நேர்ந்தவை. அவற்றில் பெரும்பகுதி, கனிஷ்கா என்ற பிள்ளையைக் கணக்கில் தேற்றிவிட நான் பட்ட பாடு.

பால் வேறுபாடு

நான் வரலாற்றில் எம்.ஏ. சோழர் கால நில அளவைகளைப் பற்றி ஆராய வேண்டும் என்று இருந்தேன். சோமனூர்ப் பக்கம் ஒரு நர்சரிப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக் கணக்குத்தான் கிடைத்தது. அங்கே ஆசிரியர்கள் எல்லோரும் பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். எல்.கே.ஜி.யில் தொடங்கிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே விளிச்சொல் ‘மிஸ்’. ஆகவே நானும் மிஸ்.

இலக்கணப் பிழையைச் சகித்துக்கொள்ளும் உடம்பு இல்லை எனக்கு. முதல் வாரத்திலேயே கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, மிஸ் என்பது பெண்பால், ஆண்பாலுக்கு சார் என்று விளக்கினேன். காளை, பசு என்றேன். சேவல், கோழி என்றேன். கரும்பலகையில் படமும் போட்டேன். வகுப்பு கண் கொட்டாமல் கேட்டது. “அப்படீன்னா இனிமேல் என்னை எப்படிக் கூப்பிடுவீங்க?” என்றேன். மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது:

“சார்னு கூப்பிடுவோம், மிஸ்!”

செல்லுபடி

நாணயப் பாடம். புத்தகத்தில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களின் படம் இருந்தது. இரண்டு ஐந்து சேர்ந்தால் ஒரு பத்து என்று நான் தொடங்கியதும் மித்ரன் எழுந்து நின்றான். “மிஸ், அது செல்லாதுங்க.” பத்து ரூபாய் நாணயத்தைச் சொல்கிறான். மற்ற பிள்ளைகளும் ஆமாம் போட்டார்கள். எங்கள் பக்கம் அந்த நாணயத்துக்கு நேர்ந்த கதி உங்களுக்கும் தெரிந்திருக்கும். செல்லும் என்று அரசாங்கம் எத்தனை முறை சொன்னாலும், அதைக் கையில் வைத்திருப்பவர் அடுத்தவர் தலையில் கட்டத்தான் பார்ப்பார்.

படித்தவன் செய்யக்கூடிய முட்டாள்தனத்தைச் செய்தேன். சான்றோடு நிரூபிக்கலாம் என்று வகுப்பை வரிசையாக நடத்தி, பள்ளிக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்குக் கூட்டிப்போனேன். பத்து ரூபாய்க்குக் கடலை மிட்டாய் கேட்டு நாணயத்தை நீட்டினேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது செல்லும் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது என்றேன், பிள்ளைகளுக்கும் கேட்கும்படி. அவர் மிகுந்த மரியாதையோடு நாணயத்தை என் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்தார்.

“செல்லுமுங்க சார், ஆரு செல்லாதுன்னா? நாங்க வாங்கறதில்லீங்க, அவ்வளவுதான்.”

மொட்டை நூறு

கனிஷ்காவின் விடைத்தாளைப் பார்த்துத்தான் நான் முதலில் அவளைக் கவனித்தேன். ஐம்பது ஆப்பிளும் ஐம்பது ஆப்பிளும் நூறு ஆப்பிள் என்று சரியாக எழுதியிருந்தாள். அதற்கு அடுத்த கணக்கில் ஐம்பது ரூபாயும் ஐம்பது ரூபாயும் நூற்று ஒரு ரூபாய். இருபதும் முப்பதும் ஐம்பத்தொன்று. ஆப்பிளில் வராத பிழை ரூபாயில் மட்டும் வந்தது. வந்தால் ஒன்று கூடவே வந்தது, ஒருபோதும் குறைந்து வரவில்லை. கூட்டத் தெரியாத பிள்ளையைத் திருத்திவிடலாம். சரியாகக் கூட்டிவிட்டு மரியாதைக்கு ஒன்று சேர்த்து வைக்கும் பிள்ளையை என்ன செய்வது?

அவளை அருகில் அழைத்து, “அந்த ஒண்ணு எங்கிருந்து வந்துச்சு கண்ணு?” என்றேன். விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. அவள் அப்பா செல்வராஜ் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுபவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால், சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவரைத்தான் மொய் எழுத உட்கார வைப்பார்கள். கனிஷ்கா பக்கத்தில் அமர்ந்து, கவரைப் பிரித்துத் தொகையை வாசிப்பாள். நூற்று ஒன்று, இருநூற்று ஒன்று, ஐநூற்று ஒன்று. அவள் வாழ்க்கையில் பார்த்த பணமெல்லாம் ஒன்றில்தான் முடிந்திருக்கிறது. அந்த ஒன்று இல்லாவிட்டால் என்ன என்று கேட்டேன். என் அறியாமைக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டவள்போல் சொன்னாள்:

“மொட்டையா நூறுன்னு எழுதுனா சண்டைக்கு வருவாங்க மிஸ். நாம போடக்கூட வேண்டாங்க, கவருலயே ஒரு ரூபா ஒட்டியிருக்கும்.”

சிறப்புப் பிரிவு

இதை நான் ரசித்துக்கொண்டே இருந்திருப்பேன். அதற்குள் எங்கள் தாளாளர் அம்மா ஒரு கூட்டம் போட்டார். பீளமேட்டிலிருந்து ஒரு கம்பெனி வந்து இரண்டாம் வகுப்புக்குப் பணக் கணக்கில் தேர்வு வைக்கும். தேறியவர்கள் ‘ஸ்டார்’ பிரிவு. தேறாதவர்கள் ‘ஸ்பெஷல்’ பிரிவு. அவர்களுக்கு மாலையில் தனி வகுப்பு, அதற்கு மாதாமாதம் தனிக் கட்டணம். செல்வராஜ் ஏற்கெனவே பள்ளிக் கட்டணத்தைத் தவணை தவணையாகக் கட்டுபவர், அதுவும் தறி ஓடுகிற மாதங்களில். கனிஷ்கா ஸ்பெஷலுக்குப் போனால் அடுத்து அவள் போகும் இடம் பள்ளிக்கு வெளியே என்பது எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் இதைச் சொல்லத் தைரியமில்லாமல், எனக்குத் தெரிந்த வழியில் எதிர்ப்புத் தெரிவித்தேன். ஸ்பெஷல் என்றால் சிறப்பு, சிறப்பு என்றால் மேன்மை, பின்தங்கிய பிள்ளைகள் இருக்கும் பிரிவுக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்றேன். தாளாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“பேரு நல்லா வெச்சாத்தான் சார் ஃபீஸ் கேக்க முடியும்.”

இது கல்யாண வீடு அல்ல

தேர்வு கார்த்திகை மாதத்தில். கார்த்திகை என்றால் முகூர்த்தத்துக்குக் குறைவில்லை. நான் வகுப்பில் கழற்றியெறிந்த ஒரு ரூபாயைக் கனிஷ்கா அடுத்த கல்யாணத்துக்குப் போய் மறுபடி எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். மணிச்சட்டத்தில் செய்யச் சொன்னேன், நூறு வந்தது. நிஜ நோட்டுகளைக் கொடுத்து எண்ணச் சொன்னேன், நூறுதான் வந்தது. நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன்; நூற்று ஒன்று.

கடைசியில் கணிதத்தை விட்டுவிட்டுச் சமூகவியலில் இறங்கினேன். “இங்க பாரு அம்மணி. மொய்யில ஒண்ணு சேக்கறது கல்யாண ஊட்டுக்கு. பள்ளிக்கூடத்துல ஆருக்கும் கல்யாணம் இல்லை. அதனால இங்க ரூபாய்க் கணக்குல ஒண்ணு வெக்கக் கூடாது. புரிஞ்சுதா?” வாழ்க்கையில் நான் எடுத்த பாடங்களிலேயே உடனே பலித்த பாடம் அதுதான். அவள் முகம் தெளிந்தது. ஆனால் ஒன்று வைக்காமல் பணம் கொடுக்கும் இடமும் ஒன்று உண்டு என்பது மொய் மேசையில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாதா? சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“அப்ப இது எழவு ஊடுங்களா மிஸ்?”

நான்கு விடைகளில் ஒன்று

கம்பெனியிலிருந்து வந்த இளைஞர் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார். கேள்விக்கு நான்கு விடைகள், ஒன்றைத் தொட வேண்டும். கனிஷ்கா விறுவிறுவென்று தொட்டுக்கொண்டே போவதைக் கதவோரம் நின்று பார்த்தேன். ஐம்பதும் ஐம்பதும் நூறு. முப்பதும் நாற்பதும் எழுபது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வந்தது, அறுபது ரூபாய்க்குப் பேனாவும் நாற்பத்தொரு ரூபாய்க்குப் பென்சில் பெட்டியும் வாங்கினால் எவ்வளவு என்ற கேள்வி. அவள் விரல் நூற்று ஒன்றுக்கு மேல் போய் நின்றது. என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். நூற்றைத் தொட்டாள். இருபதும் பதினொன்றும் அதே மாதிரி முப்பது ஆயிற்று. அந்த இரண்டு கணக்கில் தேர்ச்சி போயிற்று. வெளியே வந்ததும் கேட்டேன். “நீங்கதானுங்க மிஸ் சொன்னீங்க, இங்க ஒண்ணு வெக்கக் கூடாதுன்னு” என்றாள், பாராட்டை எதிர்பார்த்து.

அந்த இளைஞரை மாமரத்தடியில் மடக்கினேன். பிள்ளைக்குக் கூட்டல் நன்றாகத் தெரியும், அவள் கூட்டியது நூற்று ஒன்றுதான், ஒன்றை விட்டதற்குக் காரணம் வேறு என்று மொய்யில் தொடங்கி எழவு வரைக்கும் விளக்கினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நீங்க சொல்றது கரெக்ட்டுங்க சார். ஆனா சிஸ்டத்துல காரணம் எழுதறதுக்கு பாக்ஸ் இல்லீங்க.”

கழிக்க முடியாதவை

ஸ்பெஷல் வகுப்பை எடுக்கப் பணிக்கப்பட்டவன் நான்தான். கட்டணம் பள்ளிக்கு, எனக்கு மாலை நேரம் போனதுதான் மிச்சம். செல்வராஜ் முதல் மாதக் கட்டணத்தைப் பேசாமல் கட்டினார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கனிஷ்கா முதல் பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த கணக்கையே மறுபடி போட்டாள்.

ஒருநாள் எரிச்சலில் புத்தகத்தை மூடிவிட்டு, பலகையில் சொந்தமாக ஒரு கணக்கு எழுதினேன். ‘ஆயிரம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு மிஸ்ஸுக்குச் சம்பளம் பதினொன்று. வாடகை நான்கு, மளிகையும் பாலும் ஐந்து, பெட்ரோல் இரண்டு. மிச்சம்? பிள்ளைகள் விரல் மடக்கி, சைபர் என்றார்கள். சரி, மிஸ்ஸின் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் இரண்டு, அதையும் கழியுங்கள் என்றேன். “சைபர்ல இருந்து ரெண்டு போகாதுங்க மிஸ்” என்றான் ஒரு பையன். போகாதுதான், ஆனாலும் மாதாமாதம் போகிறது என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, ஒன்றாம் வகுப்பு ஸ்டெல்லா மிஸ் ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்துவிட்டார். கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்:

“அழிச்சுப்போடுங்க சார், மேடம் வாராங்க.”

தாய்மாமன்

தை மாதம் பிறந்து கல்யாணங்கள் மறுபடி தொடங்கியிருந்தன. ஒரு மாலை, எல்லோரும் போன பிறகு செல்வராஜ் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தவர், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. அவிநாசிப் பக்கம் அவர் மனைவி வழியில் ஒரு கல்யாணமாம். அவரைப் பந்தி விசாரிக்கக் கூப்பிட்டுவிட்டதால், மொய் எழுத வேறொரு பையன் உட்கார்ந்திருக்கிறான். கனிஷ்கா வழக்கம்போல் கவர் பிரித்திருக்கிறாள். ஒவ்வொரு கவரிலும் ஒட்டியிருந்த ஒரு ரூபாயைச் சுரண்டி எடுத்து ஓரமாகக் குவித்துவிட்டு, ஐநூறு, ஐநூறு, ஆயிரம் என்று வாசிக்க, பையன் அப்படியே எழுதிக்கொண்டே போயிருக்கிறான். கனிஷ்காவின் தாய்மாமன் எட்டிப் பார்த்தபோது, அவர் பெயருக்கு நேரே மொட்டையாக ஆயிரம். “நான் என்ன எழவுக்கா வந்தேன்?” என்று இலையில் உட்காராமலேயே போய்விட்டாராம். அக்கா வீட்டோடு அதற்குப் பிறகு பேச்சில்லை. இனி மொய் எழுதவும் தன்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார் செல்வராஜ்.

நான் சொன்னது பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் என்று விளக்கினேன். “ஆமாங்க சார்” என்றார். அவளுக்குக் கூட்டல் குறையில்லாமல் வருகிறது, அடுத்த தேர்வில் நிச்சயம் ஸ்டார் என்றேன். அதற்கும் “ஆமாங்க சார்” என்றார். அப்புறம் டி.சி. கேட்டார். தறிக் குடோனுக்குப் பக்கத்தில் இருக்கிற ஊராட்சிப் பள்ளியில் பேசிவிட்டாராம். பணம்தான் காரணம் என்றால் தாளாளரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன், சொல்லப்போவதில்லை என்று தெரிந்தே. பணம் காரணமில்லை என்று தலையாட்டினார். என் மனம் புண்படக் கூடாது என்று பதமாகச் சொன்னார்:

“சண்டைக்கு வரலீங்க சார். புள்ளை உங்க மேல உசுரா இருக்குதுங்க. நீங்க எதைச் சொன்னாலும் அப்படியே கேட்டுப்போடுது. அதானுங்க பயமா இருக்குது.”

இரண்டாம் வகுப்புக் கணக்கில் பிள்ளைகள் செய்யும் தவறை எப்பாடுபட்டாவது நாம் திருத்திவிடலாம். நாம் திருத்திவிட்டதைத் திருத்தத்தான் பெற்றவர்கள் வேறு பள்ளிக்கூடம் பார்க்க வேண்டியிருக்கிறது.