மஞ்சள் பூசிய கற்கள்

சாமி விளக்கை ஏற்றிவிட்டு இதை எழுத உட்கார்ந்த நாட்கள் எத்தனையோ. முதல் வரியைப் போட்டதும் என் வீட்டுக்காரர் முகம் வந்து நிற்கும். மூடி வைத்துவிடுவேன். அவர் உயிரோடு இருந்தவரை, யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டிவிடுவார்களோ என்று பயம். அவர் போன பிறகு, பதில் சொல்ல ஆளில்லாதவரைப் பற்றி எழுதலாமா என்று பயம். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கடைசியில் போன ஆடியில் கங்கையம்மன் காலடியில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தது. எழுது என்று அவளே சொன்ன பிறகு நான் யார் மாட்டேன் என்று சொல்ல?

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவு. அம்மன் கோயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு காலத்தில் ஊர் வலை எல்லாம் காயப்போட இடம் இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. வலை காயப்போட்ட இடம் போனது. ஒரு வேப்பமரம் மிச்சம் நின்றது. பிறகு அந்த வேப்பமரத்தின் வேரே தண்ணீரில் தொங்கியது. அடுத்து அம்மன்தான் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்லமாட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பொறியியல் ஆராய்ச்சி செய்கிறவள். பல்கலைக்கழகத்தில் பெரியவர்கள் கூடி, இத்தனை வருஷத்துக்கு எதை எதை ஆராய வேண்டும், எதற்கு ஆள் போட வேண்டும் என்று திட்டம் போடுவார்களாம். அப்போது போட்ட திட்டத்தில் கடலோர ஊர்களின் கரையைக் காப்பதும் ஒன்றாக இருந்ததாம். அவளுடைய பேராசிரியர் அதை வாங்கி இவள் கையில் கொடுத்திருந்தார்.

ஊர்க் கூட்டத்தில் எங்கள் ஊர்த் தலைவர், நாட்டார், அவளை மடக்கினார். "இன்னாம்மா, டச்சுக்காரன் கட்டின கோட்டையே இந்தத் தண்ணிக்கு நிக்கல. நீ கல்லு போட்டு நிறுத்திடப் போறியா?"

"எந்தக் கல்லு நிக்கும்னு எனக்கும் தெரியாதுங்க ஐயா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்" என்றாள்.

தெரியாது என்று சொல்லும் படித்தவரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. கூட்டம் சிரித்தது, ஆனால் அவளை ஒத்துக்கொண்டது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் மீன் படும் இடங்கள் யாருக்கும் சொந்தமில்லை. முறை வைத்து இறங்குவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஒருவர் பாடு முடிந்து அடுத்தவர் வரும்முன், வலை கட்டும் கழிகளில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டிச் சுத்தமாக விட்டுவிட்டுப் போக வேண்டும். சிப்பி ஒட்டிய கழி அடுத்தவர் வலையைக் கிழிக்கும். பாடு உள்ளவர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் இறங்கி அவருக்காகச் சுரண்டுவார். கேட்கவும் வேண்டாம், நன்றி சொல்லவும் வேண்டாம்.

அவளுக்கு வலை படாத இடம் ஒன்று வேண்டியிருந்தது. ஏரியில் அப்படி இடம் ஏது? அதனால் கோயிலுக்குக் கீழே, கரையோரமாக, அவளுக்கும் ஒரு பாடு ஒதுக்கினார் நாட்டார். அன்றிலிருந்து அவளும் எங்கள் ஊரில் ஒரு தலைக்கட்டு.

இடுப்பளவுத் தண்ணீரில் சவுக்குக் கழி நட்டு, கயிற்றில் வரிசை வரிசையாகக் கற்பலகைகளைத் தொங்கவிட்டாள். ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு கலவை. ஒன்றில் சாம்பல், ஒன்றில் பொடித்த கிளிஞ்சல், ஒன்றில் வெறும் சிமெண்ட். என் வீட்டுக்காரர்தான் அவளைப் பழவேற்காட்டிலிருந்து படகில் கூட்டி வருவார். தண்ணீர் என்றால் அவளுக்கு நடுக்கம்.

"ஏம்மா, இம்மாம் படிப்பு படிச்சியே, நீச்சல் சொல்லித்தர்லியா?"

"அந்தப் பாடம் எங்களுக்கு இல்லண்ணா."

"அப்ப இன்னா படிப்பு அது! கவுந்துட்டா உன் சட்டிபிகேட்டு மெதக்குமா?"

"சர்டிபிகேட் மிதக்கும்ணா. நான்தான் முழுகிடுவேன்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்து எங்கள் வீட்டில் சாப்பிட உட்காருவார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

மாதம் தவறாமல் அவள் இறங்கி, வரிசைக்கு ஒரு கல்லை எடுத்து, ஒட்டியிருந்த சிப்பியைச் சின்னக் கத்தியால் சுரண்டி உறையில் போட்டு எடுத்துப் போவாள். மற்றக் கற்களைத் தொடமாட்டாள். அவர் அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் வருத்தப்படுவார்.

"பாவம், வரிசைக்கு ஒன்னுதான் சொரண்டுது. அதுக்கே கை நோவுது. மீதியெல்லாம் அப்டியே அழுக்கா தொங்குது."

"நீதான் போய் ஒத்தாசை பண்ணேன்."

"கூப்டாம போனா தப்பா நெனச்சுக்கும். அதுக்கும் மானம் இருக்குதுல்ல."

இரண்டு மழைக்காலம் இப்படிப் போனது. பிறகு அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. தன் ஊருக்குப் போய்ப் படுத்துவிட்டாள். கீழாநெல்லி பறித்து பஸ்ஸில் ஒருவர் மூலம் கொடுத்தனுப்பினேன். அவள் எழுந்தால் பொங்கல் வைப்பதாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். ஒரு நாள் போன் செய்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. பல்கலைக்கழகம் புதுத் திட்டம் போடுகிறதாம். எந்த ஆராய்ச்சியை வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்யப் பெரியவர்கள் நேரில் வந்து பார்க்கப் போகிறார்களாம்.

"கல்லெல்லாம் பாத்துக்கோங்கண்ணா. அதை நம்பித்தான் இருக்கேன்" என்றாள்.

"நீ கவலைப்படாதம்மா. நான் இருக்கேன்" என்றார் அவர்.

மறுநாள் விடிந்ததும் இறங்கிவிட்டார். பொழுது சாயத்தான் ஏறினார். தண்ணீரில் ஊறி வெளுத்த உள்ளங்கை இரண்டிலும் கத்தியால் கீறியதுபோல் கோடுகள். சிப்பி அறுத்தது. மஞ்சள் குழைத்து வைத்துவிட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கொழச்சுக் குடு" என்றார். "கல்லுக்கும் வெக்கணும். குங்குமமும் குடு. பெரிய மனுசங்க வராங்க."

அவளுடைய பாடு வேலையை அவர் செய்து முடித்திருந்தார். ஒரு கல் விடாமல் சுரண்டி, கழுவி, மறுபடி கட்டித் தொங்கவிட்டிருந்தார். பூசிய மஞ்சள் தண்ணீரில் கரைந்துவிடுமே என்று, அவர்கள் வரும் அன்று காலையில் கற்களைத் தூக்கித் துடைத்து, கயிற்றைச் சுருக்கி, தண்ணீருக்கு மேலே தெரியும்படி கட்டிவிட்டுப் பொட்டு வைத்தார். சுரண்டியதையும் எறியவில்லை. அவள் உறையில் போட்டு எடுத்துப் போவாளே, அதனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்.

அவள் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். துணி உலர்த்தும் கம்பு மாதிரி மெலிந்திருந்தாள். நான் கரையில் நின்றிருந்தேன். அவள் கோயிலைத் தாண்டி வந்து, வரிசையாக மஞ்சளும் குங்குமமுமாகத் தொங்கும் கற்களைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கினாள். தண்ணீருக்குப் பயந்தவள் அன்று கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கல்லைத் திருப்பினாள். அடுத்ததைத் திருப்பினாள். கடைசி வரிசைவரை போய், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, ஷோக்கா இருக்குதா?" என்று அவர் கரையிலிருந்தே கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நீங்களா செஞ்சீங்கண்ணா?"

"பின்ன? நீ ஒடம்பு முடியாம படுத்துக்கினு இருக்க. உன் பாட்ட நான் பாக்காம வேற எவன் பாப்பான்? சொரண்டனது கூட மூட்ட கட்டி வெச்சிருக்கேன், ஒரு துளி வீணாக்கல."

அவள் மேலே வந்தாள். அவர் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கோடுகளின்மேல் விரலை வைத்தாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்கண்ணா" என்றாள்.

பெரியவர்கள் தாமதமாக வந்தார்கள். வழியில் டச்சுக்காரன் கல்லறையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்களாம். என் வீட்டுக்காரர் அவர்களுக்கு இளநீர் சீவப் போய்விட்டார். பேராசிரியர் ஒரு கல்லைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், இங்கிலீஷில் என்னவோ கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வந்தவர்களில் ஒருவர் தமிழில் கேட்டார்: "யாராவது ஊர்க்காரங்க கை வெச்சாங்களா?"

"இல்ல சார். நான் இல்லாதப்ப யார் என்ன செய்யணும்னு சொல்லி வெச்சிருக்க வேண்டியது நான். தப்பு என்னோடது."

அப்போதுதான் அவர் இளநீரோடு வந்தார். சிரித்த முகமாக ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் கொடுத்தார். அவர்கள் வாங்கிக் குடித்தார்கள்.

அவர்கள் போன பிறகு அவள் என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்தக் கல்லில் சிப்பி அதிகம் பிடித்து வளர்கிறது என்பதுதான் ஆராய்ச்சியே. சிப்பி பிடித்த கல்லும் கல்லும் தானாக ஒட்டிக்கொண்டு சுவராகும். அலை அடிக்க அடிக்கச் சுவர் வளரும். அந்தக் கல்லைக் கண்டுபிடித்துவிட்டால் அம்மன் கோயில் நிற்கும். மாதாமாதம் அவள் சுரண்டி எடுத்துப்போய் எடை பார்த்ததெல்லாம் பாதிக் கணக்குதான். இந்த மழை முடிந்து வளர்ந்து நின்றதுதான் காட்ட வேண்டிய சாட்சி.

"மூட்டையில இருக்கறத வெச்சு ஒன்னும் பண்ண முடியாதாம்மா?"

"எது எந்தக் கல்லுலேர்ந்து வந்ததுன்னு தெரியாதேக்கா."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்கக்கா. சாமி முன்னாடி சத்தியம் பண்ணுங்க."

விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தேன்.

புதுத் திட்டத்தில் ஏரி இல்லை. பேட்டரி, வண்டி, கணினி என்று வேறு என்னவோ வந்ததாம். சீக்கிரம் பலன் காட்டும் வேலைகள் மட்டும்தான் இனிமேல் என்று முடிவாம். அவளையும் வேறு வேலைக்கு மாற்றினார்கள். ஊரிடம் சொல்லிக்கொண்டு போக ஒரு முறை வந்தாள்.

"என் பாட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க ஐயா" என்றாள்.

"குடுத்த பாட்ட புடுங்கற ஊரு இல்லம்மா இது" என்றார் நாட்டார். "நீ வர வரைக்கும் கெடக்கும், போ."

படகு ஏறுமுன் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "கல்லு இருந்திருந்தாலும் நிறுத்தித்தான் இருப்பாங்கக்கா. முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க." அது நிஜமா, என் மனசு ஆற வேண்டுமென்று சொன்னதா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் பிறகு வரவில்லை. வர முகம் இல்லாமலும் இருந்திருக்கலாம், விடுப்பு கிடைக்காமலும் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆனது. அவள் வருவாள் என்று அவர் கற்களை மறுபடி தண்ணீரில் இறக்கிவிட்டார். தன் முறை முடிந்து தன் கழிகளைச் சுரண்டும்போதெல்லாம் அவள் கற்களையும் சுரண்டினார். சிப்பி புதிதாகப் பிடிக்கும், இவர் போய்ச் சுரண்டுவார். மறுபடி பிடிக்கும், மறுபடி சுரண்டுவார். கரையைக் காக்க வந்தது எதுவோ அதை அவர் கையாலேயே எடுத்துப் போடுவதை நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவை மனசு பொறுக்காமல் வாயைத் திறந்தேன்.

"கொஞ்ச நாளு அப்டியே வுடேன்யா. கை அறுபடுதுல்ல."

"அழுக்கா வுடறதா? திடீர்னு வந்து நின்னா அந்தப் பொண்ணு இன்னா நெனைக்கும்? நம்மள நம்பி வுட்டுட்டுப் போயிருக்குது."

அம்மனுக்குச் செய்த சத்தியம் ஒரு பக்கம், அம்மனின் கோயில் ஒரு பக்கம். நான் எந்தப் பக்கம் நின்றாலும் அம்மனுக்கு எதிராகத்தான் நின்றேன். அழுதுகொண்டே சாம்பிராணி போடுவேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

வேப்பமரம் ஒரு ஐப்பசியில் சாய்ந்தது. அம்மனைத் தூக்கி வந்து பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வைத்தார்கள். தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். "அந்தப் பொண்ணு இருந்திருந்தா வுட்டிருக்காது" என்றார் அன்று. நான் உள்ளே போய்விட்டேன்.

கடைசியில் காய்ச்சலில் கிடந்தபோதும் அந்தக் கற்களைப் பற்றித்தான் கேட்டார். "பாசி ஏறிடும்" என்றார். நான் ஆள் அனுப்பியிருப்பதாகச் சொன்னேன். அனுப்பவில்லை.

அவர் போய் வருஷம் திரும்பியதும் நானே தண்ணீரில் இறங்கி அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கையால் தடவினேன். கிளிஞ்சல் பொடி கலந்த வரிசையில் கல்லும் கல்லும் சிப்பியால் ஒட்டி ஒரே கட்டியாகிக் கிடந்தன. பிரிக்க முடியவில்லை. அவள் தேடி வந்த பதில் இருட்டுத் தண்ணீரில் யாரும் கேட்காமல் கிடந்தது. என் உள்ளங்கை அறுபட்டது. அவருக்கு வைத்த அதே இடத்தில் மஞ்சள் வைத்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து வேறு பொறியியல் ஆட்கள் ஏரியை அளக்க வந்தார்கள். கருவியை இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டினார்கள். ஏன் தம்பி கூண்டு என்று கேட்டேன். "முன்னாடி ஒரு ஆராய்ச்சிய இந்த ஊர்க்காரங்க வேணும்னே நாசம் பண்ணிட்டாங்களாம் அம்மா. அதனால திட்டத்துலயே சொல்லிட்டாங்க" என்றான் அந்தப் பிள்ளை. பழவேற்காடு மீன் ஏலத்திலோ வேறு மாதிரி பேசுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியவில்லை, வாங்கின பணத்தைத் தின்றுவிட்டு ஓடிவிட்டாள் என்கிறார்கள். இரண்டும் பொய். இரண்டையும் கேட்ட பிறகுதான் பூக்கட்டிப் பார்த்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். அவர் சுரண்டவில்லை என்று சொல்லிவிடாதீர்கள், அவர்தான் சுரண்டினார். அவளைத் தெய்வமாக்கவும் வேண்டாம், அவளும் எங்களிடம் முழுதாகச் சொல்லாமல் விட்டவள்தான். ஆனால் கற்களுக்குப் பொட்டு வைத்ததை மறக்காமல் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் அது வேறு யாருடைய கதையோ ஆகிவிடும். அவள் பாடு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. ஊர் அதில் வலை கட்டுவதில்லை. இது எங்கேயாவது அவள் காதில் விழுந்தால், அதுவும் சேர்ந்தே விழட்டும்.