இடது கை பிரேக்

என் அக்கா வீட்டுக்காரர் கண்ணாடி அறுப்பவர். அந்தத் தொழிலில் அவசரப்பட்டால் கண்ணாடியும் போகும், விரலும் போகும். அதனாலோ என்னவோ, எதற்கெடுத்தாலும் "பதறாத காரியம் சிதறாது" என்பார். வீடு பற்றி எரிந்தாலும் இந்த மனுஷன் முதலில் அளவு டேப்பைத் தேடுவார் என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான்: இருவரும் சைக்கிளில் காட்டுப்பாதையில் ஒரு நாள் போய்வர வேண்டும். வேலை ஒழியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

வேலை ஒழிந்தது. வலது கையில் தொடங்கிய நரம்பு நோய்க்கு மருந்தில்லை, மெல்ல மற்ற தசைகளும் சோர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டறையைப் பூட்டிய அன்று மாமா தானாகவே காட்டுப் பேச்சை எடுத்தார். காலும் இடது கையும் நன்றாகத்தானே இருக்கின்றன என்றார். நாளைக்கே கிளம்பலாம் என்றாள் அக்கா.

நாளைக்கா? மாமாவா? இரண்டு சக்கரத்து பிரேக்கும் இடது கைப்பிடியிலேயே வருமாறு மாற்றச் சொன்னார். பிரேக் கட்டை கீச்சிட்டது, அதையும் மாற்றினார். வேர்களில் ஏறி இறங்க அகலமான டயர் வேண்டும் என்றார். அக்காவின் ஹெல்மெட் வாரைத் தினமும் இழுத்துப் பார்த்தார். வழி தப்பினால் ஊத அவள் கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார். சைக்கிளுக்குக் கல்யாணமா மாமா என்று நான் கிண்டல் செய்தேன். எல்லாம் முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஈர இலை வழுக்கும், பாதை காயட்டும் என்றார்.

"நீங்க காத்துக்கிட்டு இருக்கறது உங்க கைக்குத் தெரியுமா?" என்று அக்கா கேட்டாள். அவர் கேட்காதவர்போல் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிதானத்தின் மேல் அப்போதும் ஆத்திரம், இப்போதும் ஆத்திரம்.

பாதை காய்ந்தது. பட்டறை வேனில் சைக்கிள்களை ஏற்றி நான்தான் கொண்டுபோனேன். காட்டின் முகப்பிலேயே இறக்கம். மாமா ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் முதலில் பிரேக்கைச் சோதித்தார். விரல்கள் அதைச் சுற்றிக்கொண்டன, ஆனால் பிரேக் அசையவில்லை. மறுபடியும் பிடித்தார். அப்போதும் அசையவில்லை.

"மச்சான், கம்பி இறுகிப்போச்சா பாரு."

ஒற்றை விரலால் அழுத்தினேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது.

"ஆமா மாமா, இறுகிடுச்சு" என்றேன்.

அக்கா என் விரலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"அதுக்கென்ன, சரி பண்ணிட்டு இன்னொரு நாள் வருவோம். பதறாத காரியம் சிதறாது."

இத்தனை வருஷத்தில் அவள் அதை ஒத்துக்கொண்டது அன்றுதான். மாமா ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்தார். முடியவில்லை, கொக்கியை நான்தான் விடுவித்தேன்.