ஜாவாவுக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் பெயரை மைக்கில் வாசித்தார்கள். நல்ல காரியத்துக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

இராஜாக்கமங்கலம் பக்கம் இது வழக்கம். வீட்டில் நல்லது நடந்தால் ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, காரணத்தை மேலே எழுதிக் கொடுப்போம். செயலாளர் சபை முழுக்கக் கேட்கும்படி வாசிப்பார். நான் எழுதியது: ‘தங்கை மகள் ஷைனி ஜாவாஸ்கிரிப்ட் படித்து முடித்ததற்காக.’

பெண்கள் பக்கமிருந்து ஷைனி திரும்பிப் பார்த்தாள். ஸ்தோத்திரம் சொல்கிற பார்வை இல்லை அது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, நான் படிச்சது ஜாவால்லா?”

“ரெண்டும் ஒண்ணுதான மக்கா... இதுக்கு வால் கொஞ்சம் நீளம்.”

“அப்ப குளமும் குளச்சலும் ஒண்ணா?”

எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். நின்றபடியே பாடம் நடத்தினாள். ரெண்டும் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழிகள்தானாம், ஆனால் வேறுவேறு. ஜாவா கறாரான பேர்வழி. எண் வைப்பதாகச் சொன்ன இடத்தில் எழுத்தை வைத்தால், புரோகிராம் ஓடுவதற்கு முன்பே தடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் இணையப் பக்கத்தை ஆட்டுவிப்பதற்காக வந்தது. எதை எங்கே வைத்தாலும் ‘சரி, போ’ என்று விட்டுவிடும். அப்புறம் ஏன் ஒரே பெயர்? அது பிறந்தபோது ஜாவாவுக்கு நல்ல மவுசு... ஒட்டவைத்துக்கொண்டார்களாம்.

கல்யாணப் பத்திரிகையில் பணக்கார மாமன் பெயரைப் பெரிதாகப் போடுகிற நமக்கு இது புரியாதா என்ன?

அதற்குள் ஜஸ்டின் வந்துவிட்டார். நாகர்கோவில் கம்பெனி ஒன்றில் ஆள் எடுப்பவர். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தவரும் அவர்தான்.

“அறிவிப்பு கேட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கம்மா.”

ஷைனியின் வீட்டுக்காரர் கல்ஃபில் வேலை போய்த் திரும்பி எட்டு மாதம். இந்த வேலையும் கைவிட்டுப் போனால் வேறு வழியில்லை.

“தெரியும்னே சொல்லு. சேர்ந்தபிறகு படிச்சுக்கலாம்” என்றேன். “கேஸ் வெல்டிங் மட்டும் தெரிஞ்ச நான், பம்பாய்ல ஆர்க் வெல்டிங் வேலைக்குச் சேரலியா?”

“அந்த ஆர்க் வெளிச்சம் பட்டு கண்ணு எத்தனை நாள் திறக்கல?”

“மூணு நாள்.”

“வேலை?”

“நாலாம் நாள் அதுவும் போயிட்டு.”

திங்கட்கிழமை அவள் உள்ளே போனாள். நான் எதிர் டீக்கடையில். நாலு டீ ஆனபிறகு வந்தாள்.

“உள்ளதைச் சொன்னேன். தெரிஞ்சது ஜாவா, அறிவிப்பு எங்க மாமாவோடதுன்னு. பின்ன, ஜாவாவிலயே கேள்வி கேட்டாரு.”

“சொன்னியா?”

“ஒண்ணு விடாம. ரெண்டு மாசம் தந்திருக்காரு. அதுக்குள்ள ஜாவாஸ்கிரிப்ட் தேறினா வேலை.”

“நான் பண்ணின ஜெபம்தான் மக்கா.”

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

“இந்த ரெண்டு மாசமும் பண்ணுங்க மாமா... மனசுக்குள்ள.”