ஓசிக்குக் கட்டுப்படியாகாதவள்

எங்கள் லேபில் பல் செய்கிறோம். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, அது கெட்டியானதும் அதன் மேல் மெழுகில் பல்லைச் செதுக்குவோம். வாசல் மேஜையில் உட்கார்ந்து அச்சுப் பெட்டிகளை வாங்கி வைப்பது என் வேலை. யார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது என்று பார்ப்பது நானாக எடுத்துக்கொண்ட வேலை.

படிப்பு முடிக்கிற சமயத்தில் இரண்டு பெண்கள் எங்களிடம் பயிற்சிக்கு வந்தார்கள். முதலாளி இரண்டு வழி சொன்னார். "சம்பளம் வேணும்னா நான் சொல்ற வேலையைச் செய்யணும். வேணாம்னா, புடிச்ச மேஜையில உக்காந்து கத்துக்கலாம்."

அப்பாவின் காரில் வந்து இறங்கியவள் யோசிக்காமல் வேண்டாம் என்றாள். இன்னொருத்தி வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனாள். வீட்டில் அம்மா மட்டும்தான் சம்பாதிக்கிறாள். படிக்கிற தம்பிகள் இரண்டு பேர். "கத்துக்கிட்டு வா, சோத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்ல எனக்கும் ஆசைதான்டி" என்றாளாம் அம்மா. மறுநாள் வந்து சம்பளம் வேண்டும் என்றாள். அன்றே இருவருக்கும் பேர் விழுந்துவிட்டது. இவள் சம்பளம், அவள் ஓசி.

சம்பளத்தை மாவு மேஜையில் போட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை கரைப்பாள், ஊற்றுவாள், உடைப்பாள், கழுவுவாள். புருவம்கூட வெள்ளையாகிவிடும். ஓசி ஜன்னலோரம் பெரிய மெழுகுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து முன்பல்லும் கடைவாய்ப்பல்லும் செதுக்கினாள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்களே, எங்கள் முதலாளி அந்த வகை. ஓசி தாமதமாக வந்தால் "சாப்பிட்டியாம்மா?" என்பார். சம்பளம் ஐந்து நிமிடம் தாமதித்தால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

"வயிறு எரியுதுக்கா" என்றாள் சம்பளம் என்னிடம், ஒளிவுமறைவில்லாமல். "நானும் அதே படிப்புதான். அவ பல்லு செதுக்குறா, நான் வாளி கழுவுறேன்."

"உனக்கு மாசம் பிறந்தா காசு வருது, அவளுக்கு வருதா?" என்றேன்.

"அதையும் சேத்து அவளுக்கே குடுத்துட்டு அந்த நாற்காலியில உக்காரலாம் போல இருக்கு." சொல்லிவிட்டு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

ஒரு நாள் நான் பெட்டி கொடுக்கப் போனபோது, சம்பளம் ஓசிக்குப் போக வேண்டிய மாவுப் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் காற்றடைத்து, ஊசிமுனை அளவு ஒரு குழி. அப்படியே அனுப்பினால் அதன் மேல் செய்கிற பல் யார் வாயிலும் உட்காராது. திரும்பி வரும், மெழுகு மேஜைக்குத்தான் கெட்ட பேர். சம்பளம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஓசி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் பல்லைக் கடித்தாள். பிறகு அந்த மாவை உடைத்துத் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடி கரைக்க ஆரம்பித்தாள். பொறாமை முழுக்க அவள் கண்ணில் இருந்தது, கைக்கு இறங்கவில்லை.

பயிற்சி முடிகிற வாரம் முதலாளி இருவரையும் கூப்பிட்டார். பெரிய மெழுகுக்காரர் வேலையை விட்டுப் போகிறார், அந்த இடம் காலி. அதற்காகத்தான் சம்பளம் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"மெழுகுக்கு இவ" என்று ஓசியைக் காட்டினார். "இனிமே சம்பளம் உண்டு. நீ மாவுலயே நிரந்தரமா இரு. உன் கை மாதிரி வேற கை வராது."

இத்தனை நாள் ஒழுங்காக வேலை செய்ததற்கு இதுதான் பரிசு. எனக்கே ரத்தம் கொதித்தது.

சம்பளம் சொன்னாள்: "அப்போ எனக்கும் சம்பளம் வேணாம் சார். கொஞ்ச நாள் ஓசியா வர்றேன். மெழுகு கத்துக்கிறேன்."

முதலாளி பதறிப்போனார். "நீ மாவை விட்டா பாதிப் பல்லு திரும்பி வரும்மா. உன்னை ஓசியா வெச்சுக்க எனக்குக் கட்டுப்படியாகாது!"

சொன்ன பிறகுதான், தான் எதை ஒப்புக்கொண்டோம் என்று அவருக்கே உறைத்தது. அவளுக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. மாவு படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் தம்பிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"அப்போ மத்தியானம் வரைக்கும் மாவு, அதுக்கப்புறம் மெழுகு. இதே சம்பளத்துக்கு. முடியாதுன்னா மாவுக்கும் ஆள் தேடிக்கோங்க சார்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "சரிம்மா, நாளையிலிருந்து உக்காரு" என்றார்.

மாலையில் ஓசி என் மேஜைக்கு வந்தாள். கனவு கண்ட வேலை கிடைத்த பெண்ணின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பாத்தீங்களாக்கா? அவ போறேன்னதும் எப்படிப் பதறினார்! அதையே நான் சொல்லியிருந்தா, கார் வரைக்கும் வந்து டாட்டா காட்டியிருப்பார்."