யாருக்கும் சொல்லாதே

கப்பல் வேலைக்கு ஆள் அனுப்புகிறவன் ஒருவன் கல்மண்டபம் பகுதியில் ஆபீஸ் வைத்திருக்கிறான். அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று தினமும் பல் விளக்கும் முன்பே வேண்டிக்கொள்கிறேன். எனக்கு இதில் வெட்கமில்லை.

எரிவாயு ஏற்றும் கப்பலில் என் வீட்டுக்காரருக்கு வேலை என்றான். அது போகிற நாட்டுக்குப் பக்கத்திலேயே சண்டை. அவருக்கு மனமில்லை. இவன் எங்கள் வீட்டுக்கே வந்து, டீ குடித்துக்கொண்டே சொன்னான்.

"அது எந்தப் பக்கமும் சேராத நாடுக்கா. அத்த எவன் இன்னா பண்ணப் போறான்?"

நான்தான் நம்பினேன். பிடித்துத் தள்ளாத குறையாக அவரை அனுப்பியதும் நான்தான்.

கப்பல் அங்கே துறைமுகத்தில் நிற்கும்போதே, எரிவாயுக் கிடங்குகளைப் பிடிக்கப் பக்கத்து நாட்டுப் படை நுழைந்தது. குண்டு விழுந்தது. என் வீட்டுக்காரர் வலது கையில்லாமல் திரும்பினார். மீனில் முள்ளெடுத்து, சோற்றைப் பிசைந்து வைத்தால் இடக்கையால் சாப்பிடுகிறார்.

விதி என்றுதான் இருந்தேன். காசிமேட்டில் எனக்குப் பக்கத்தில் மீன் விற்பவள் அந்த ஆபீஸ்காரனுடைய சொந்த அக்கா. ஒருநாள் பெருமையாகப் போனை நீட்டினாள். "என் தம்பிக்கு எம்மேல இன்னா பாசம் பாரு."

அவன் அவளுக்கு அனுப்பியது அதில் இருந்தது: "அக்கா, மாமாவ அந்தக் கப்பல்ல ஏத்தாத. வயித்து வலின்னு எழுதிக்கிறேன். கேஸ் கெடங்குக்காக அந்த நாட்டப் புடிக்கப் போறாங்கன்னு கம்பெனிக்குத் தகவல் வந்துகீது. வேற ஆள் பாத்துக்கிறேன். யாருக்கும் சொல்லாத."

தேதியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் டீ குடித்த அதே நாள். செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் கண்ணெதிரே அதை என் போனுக்கு அனுப்பிக்கொண்டேன். அவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமைதான் அவன் ஆள் எடுக்கும் நாள். அந்தச் செய்தியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். அடுத்த திங்களும் போனேன். அதற்கடுத்ததும்.

"வுடும்மே, போன கை வரவா போவுது?" என்றார் வீட்டுக்காரர்.

கை வராது. ஆனால் அந்த வாசலில் வரிசை பாதியானபோது என் வயிறு குளிர்ந்தது.

போன வாரம் அவனே இறங்கி வந்தான். முகம் வாடியிருந்தது. "தப்புதான்க்கா. அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கணும்."

"அந்த ஒரு வார்த்தயத்தான் இப்ப நான் எல்லாருக்கும் சொல்லிகினு கீறேன்" என்றேன்.

வரிசையில் அடுத்து நின்றவரிடம் காகிதத்தைக் கொடுத்தேன்.